இத்தாலி அங்கிளுக்குப் போர்த்திய பொன்னாடைகள்

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் அதிகமாகப் பொன்னாடை வாங்கிய மனிதர் தமிழர் அல்ல. அவர் ஓர் இத்தாலிக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் வணக்கமும், எங்கள் விழாக்களில் தின்னத் தருகிற ரோல்ஸும்தான். அதில் ஒன்று தமிழே இல்லை. போதும் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'காணும்' என்ற சொல்லை எவ்வளவோ சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல் அவருக்குக் கடைசிவரை ஏறவில்லை. சாப்பாடு போடும்போதும் சரி, கை தட்டும்போதும் சரி, அவர் காணும் என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

மோர்னிங்சைட்டில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. இப்போது வீட்டை விற்றுவிட்டு வான்கூவருக்கு மகளிடம் போய்விட்டார். நாங்கள் குடிவந்த முதல் கோடையில் அவரை வேலிக்கு மேலால் கண்டோம். எழுபதை எட்டிப் பிடிக்கிற வயது. அரைக்காற்சட்டையோடு கதிரையில் இருந்து சவரம் செய்துகொண்டிருந்தார். முகத்துக்கு அல்ல, காலுக்கு. சோப்பு நுரை முழங்கால்வரை இருந்தது. என் கணவர் உள்ளே வந்து யன்னல் சீலையை இழுத்து மூடினார்.

"பக்கத்து வீட்டுக் கிழவன் காலை வழிச்சுக்கொண்டிருக்கிறான். நீ உந்தப் பக்கம் போகாதை."

அன்று பின்னேரமே போனேன்.

சைக்கிள் பந்தயம் ஓடுகிறவர்கள் எல்லோரும் காலை மழிப்பார்களாம். விழுந்தால் காயத்துக்கு மருந்து கட்ட வசதி, தசையை உருவிவிடவும் வசதி. "நீங்கள் விழுந்து எத்தினையோ வருசம் ஆகியிருக்குமே" என்று கேட்டேன். "நாளைக்கு விழமாட்டன் எண்டு என்ன நிச்சயம்?" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பேசியது பாதி இத்தாலியும் பாதி ஆங்கிலமும். நான் பேசியதும் ஏறக்குறைய அதே தரத்து ஆங்கிலம். அதனால் எங்களுக்குள் நல்ல விளக்கம் இருந்தது. அவர் சொன்னவற்றை என் பாஷையில்தான் தருகிறேன். பருத்தித்துறையில் பிறந்தவர் மாதிரிப் பேசுகிறாரே என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

தொழில்முறைச் சைக்கிளோட்டம் என்றால் என்னவென்று அவரிடம்தான் படித்தேன். ஓர் அணியில் ஒரு கப்டன் இருப்பார். மற்றவர்கள் எல்லோரும் அவரை வெல்லவைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள். எதிர்க்காற்று அடித்தால் அவருக்கு முன்னால் ஓடி, அதைத் தங்கள் நெஞ்சில் வாங்க வேண்டும். அவருக்குத் தாகமெடுத்தால் பின்னால் வருகிற அணிக் காருக்குப் போய், தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பவும் மிதித்து வந்து கொடுக்க வேண்டும். அவருடைய சில்லு ஓட்டையானால் சொந்தச் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதிக்கரையில் நிற்க வேண்டும். முடிவுக் கோடு தெரிகிறபோது மரியாதையாக ஒதுங்கிவிட வேண்டும். அங்கிளின் வேலை அதுதான். பத்து வருடத்துக்குக் கிட்ட அதைச் செய்தார். ஒரு பந்தயமும் வெல்லவில்லை.

"ஒண்டுகூடவோ?"

"வெண்டிருந்தா வேலை போயிருக்கும்" என்றார்.

ஆனால் பெயர் இருந்தது. கப்டனை மலை உச்சிவரை கொண்டுபோய் விட்டதும் அங்கிளின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு அவசரம் இல்லை. வென்றவர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட, இவர் பின்னால் ஆறுதலாக வருவார். வீதியோரத்துச் சனத்தோடு கதைப்பார். வெறும் போத்தல்களைப் பிள்ளைகளுக்கு எறிவார். யாராவது வைன் நீட்டினால் வாங்கிக் குடிப்பார். கிழவிகள் கன்னத்தைக் காட்டினால் கொஞ்சுவார். கப்டனைச் சனங்கள் ரிவியில் பார்த்தார்கள், இவரைக் கையால் தொட்டார்கள். பந்தயம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்கிற பெயர் தன்னுடையதுதான் என்று சொல்வார். அப்படிச் சொல்லும்போது நெஞ்சு ஓர் அங்குலம் முன்னுக்கு வரும்.

அவருடைய சொந்த ஊர் வழியாகப் பந்தயம் போன கதைதான் பெரிய கதை. ஓர் ஓட்டக்காரரின் ஊர் வந்தால், மற்றவர்கள் கொஞ்சம் மெதுவாக ஓடி அவரை முன்னுக்குப் போக விடுவார்களாம், வீட்டாரைக் கண்டு கொஞ்சிவிட்டு வர. அது அவர்களுக்குள் ஒரு மரியாதை. அங்கிளும் முன்னுக்குப் போனார். வாசலில் தாய் பாஸ்தாத் தட்டோடு நின்றார். ஒரு வாய் என்று தொடங்கினார். பிறகு பெரியம்மா வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போத்தலைத் திறந்தார். பந்தயம் முழுவதும் கடந்து போய், பின்னால் வந்த அம்புலன்ஸும் கடந்து போனபிறகுதான் இவர் சைக்கிளைத் தேடினார். நேர எல்லை தாண்டித்தான் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் இதை நம்பவில்லை. எங்கள் ஊர்ப் பெரியப்பாக்களும் இந்த மாதிரிக் கதைகள் விட்டவர்கள்தான். என் மகள் போனில் தேடிப் பார்த்தாள். இத்தாலியப் பத்திரிகைப் படம் ஒன்று கிடைத்தது. மெல்லிய இளைஞர் ஒருவர் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார், இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது, பக்கத்தில் ஓர் அம்மா கரண்டியோடு நிற்கிறார்.

"அம்மா, ஹீ இஸ் ஆக்சுவலி ஃபேமஸ்" என்றாள். "ஆனா ஓடினதுக்கு இல்லை, சாப்பிட்டதுக்கு."

ஓட்டத்தை விட்டபிறகு அவர் கனடாவுக்கு வந்து மச்சானோடு தரைக்கு ஓடு பதிக்கிற வேலை செய்தார். மனைவி செத்துப்போனார். மற்ற இத்தாலியர்கள் எல்லாம் வூட்பிரிட்ஜ் பக்கம் போய்ச் சேர, இவர் மட்டும் மோர்னிங்சைட்டில் எங்கள் மத்தியில் கிடந்தார். ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். அங்கே எல்லோருக்கும் தன்னைத் தெரியுமாம். தெரிந்தால் நல்லதுதானே என்றேன். "தெரிஞ்ச சனம் கதையைத் திரும்பக் கேக்காது" என்றார்.

இங்கே அவரை யாருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய நோய். வாசலில் கதிரை போட்டுக்கொண்டு போகிற பஸ்களுக்கெல்லாம் கை காட்டுவார். மரக்கறிக் கடையில் யாராவது "ஹலோ" என்று போனில் சொன்னாலும் இவர் திரும்பிக் கையைத் தூக்குவார். சனம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும், கூப்பிடாவிட்டால் நாங்கள் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எனக்கு அவரைப் பார்க்கச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அன்றைய கணக்குக்குக் கைதட்டு விழவில்லை என்றால் அந்த மனிதருக்கு நித்திரை வராது.

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்து விழா ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது ரோல்ஸ் தின்னத்தான். யாழ்ப்பாணத்தில் எத்தனை கிணறு இருக்கிறதோ அத்தனை சங்கம் ரொறன்ரோவில் இருக்கிறது. எங்கள் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். தேர்தல் வைப்பார்கள், அவர் வெல்லுவார், வேறு யாரும் நிற்பதில்லை. அன்றைக்குப் பிரதம விருந்தினராக வரவேண்டிய அரசியல்வாதி வரவில்லை. குத்துவிளக்கு எண்ணெயோடு காத்திருக்கிறது, சனம் பசியோடு காத்திருக்கிறது. தலைவர் மண்டபம் முழுவதும் கண்ணால் துழாவினார். மூன்றாவது வரிசையில், கோட் போட்டு, தலைமுடி வெள்ளிபோல மின்ன, அங்கிள் இருந்தார்.

"தங்கச்சி, உவர் ஆர்?"

"எங்கட பக்கத்து வீடு, அண்ணை. சைக்கிள் ஓடினவர்."

"சைக்கிளோ?" தலைவரின் முகம் சுருங்கியது. "சண்டையில இடம்பெயரேக்க நான் அம்மாவையும் ஆட்டுக்குட்டியையும் ஏத்திக்கொண்டு சைக்கிள் ஓடினனான். எனக்கு ஆர் பொன்னாடை போத்தினது?" பிறகு விளக்கைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். "சரி, வெள்ளையாத்தானே இருக்கிறார். ஏத்துங்கோ மேடையில."

அங்கிள் மேடையேறினார். விளக்கேற்றினார். பொன்னாடை போர்த்தினார்கள். முந்நூறு பேர் கை தட்டினார்கள். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். பசித்த பிள்ளை சோற்றைக் கண்ட முகம். பொன்னாடையைக் கழற்றாமலே ரோல்ஸ் தின்றார், கழற்றாமலே காரில் ஏறினார். மறுநாள் அதைப் போர்த்துக்கொண்டுதான் தக்காளிக்குத் தண்ணீர் விட்டார்.

அதற்குப் பிறகு அவரை விடவில்லை. வராமல் விடுகிற அரசியல்வாதியைவிட வருகிற இத்தாலிக்காரர் திறம் என்று எல்லாச் சங்கத்துக்கும் தெரிந்துபோயிற்று. நேரத்துக்கு வருவார், நீளமாகப் பேசமாட்டார், எந்தக் கோஷ்டியிலும் இல்லை, பரதநாட்டியம் முடியும்வரை இருப்பார். சின்னப்பிள்ளைகள் "இத்தாலி அங்கிள்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தமிழ்க் கடைகளில் காசு வாங்கமாட்டோம் என்று சொல்ல, இவர் கை கூப்புவார். சனிக்கிழமை வந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் கார்க் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார்.

பிரச்சினை எங்கள் அறிவிப்பாளர்களால் வந்தது. எங்கள் மேடையில் ஒருவரை உள்ளபடி அறிமுகம் செய்வது அவமானம். மருத்துவரின் உதவியாளர் மருத்துவர் ஆவார், மருத்துவர் பேராசிரியர் ஆவார். முதல் விழாவில் அங்கிள் 'சைக்கிளோட்ட வீரர்'. அடுத்ததில் 'புகழ்பெற்ற வீரர்'. கோடைக்குள் 'பதக்கம் வென்றவர்' ஆகிவிட்டார். பிறகு ஒரு நாள், இத்தாலியைச் சுற்றி ஓடுகிற அந்தப் பெரிய பந்தயத்தை அவரே வென்றுவிட்டார். எல்லாம் தமிழில். அங்கிள் மேடையில் இருந்து, தன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் தலையை ஆட்டிச் சிரிப்பார்.

நான் தலைவரிடம் சொன்னேன். "அண்ணை, அந்தாள் வெல்லேல்லை. வெண்டவருக்குத் தண்ணி குடுத்தவர்."

"தங்கச்சி, தண்ணி குடுத்தவரைப் பாக்கவோ சனம் வெளிக்கிட்டு வரும்?"

அங்கிளிடமும் சொன்னேன். உங்களைப் பற்றிக் கூட்டிச் சொல்லுகிறார்கள் என்றேன். "கூட்டிச் சொல்லட்டும். எங்கட ஊரிலயும் கல்யாண வீட்டில அப்பிடித்தான்" என்று சிரித்தார். எவ்வளவு தூரம் கூட்டியிருக்கிறார்கள் என்று விளக்கப் போனால், அவர் அடுத்த சனிக்கிழமை என்ன நிறக் கழுத்துப்பட்டி என்று கேட்டார்.

பிறகு எங்கள் சங்கத்தின் கலைவிழா வந்தது. பெரிய மண்டபம், பெரிய கூட்டம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்று அந்த வருடம் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வைத்தார்கள். அறிவிப்பாளர் தலைவரின் மகள். தகப்பன் எழுதிக் கொடுத்ததை அப்படியே நல்ல ஆங்கிலத்தில் வாசித்தாள். இத்தாலியின் மாபெரும் பந்தயத்தில் எல்லோரையும் தோற்கடித்து முதலாவதாக வந்த சம்பியன் என்று சொல்லி, வருடத்தையும் சொன்னாள். கைதட்டு மண்டபத்தைத் தூக்கியது.

அங்கிளின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்த தலைவரைப் பார்த்தார். தலைவர் கை தட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் எழும்பினார். தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து, நாலாக மடித்து, கதிரையில் வைத்தார். மைக்குக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சனத்துக்குள் தேடினார்.

"எங்க என்ர பக்கத்து வீட்டுக்காரி? இஞ்ச வாங்கோ. நான் சொல்லுறதை உங்கட பாஷையில சொல்லுங்கோ."

அந்த மேடையில் நான் அதற்கு முன் ஏறியது மாலைத் தட்டு பிடிக்க மட்டும்தான். சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். தலைவர் பல்லுக்குள்ளால் சொன்னார், "தங்கச்சி, அந்தாளைச் சும்மா இருக்கச் சொல்லு." எனக்குக் காது கேட்கவில்லை.

"அந்த வருசம் வெண்டது நான் இல்லை" என்றார் அங்கிள். "வெண்டது என்ர கப்டன். நான் அவருக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தன். காத்தடிக்கேக்க முன்னுக்கு ஓடினன். அவற்ற சில்லு ஓட்டையாகேக்க என்ர சில்லைக் கழட்டிக் குடுத்தன். அது நல்ல வேலை. நான் அதைத் திறமாச் செய்தனான். அதுக்குக் கை தட்டுறதெண்டா தட்டுங்கோ, எவ்வளவும் தட்டுங்கோ. ஆனா அவர் வெண்டதை நான் வெண்டதெண்டு சொன்னா, நான் கள்ளன்."

நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கள்ளன் என்ற சொல்லை மட்டும் தலைவர் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னேன்.

ஒருவரும் தட்டவில்லை. பின்வரிசையில் எங்கோ ஒரு பிள்ளை இரண்டு தட்டுத் தட்ட, தாய் கையைப் பிடித்துவிட்டாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப இவ்வளவு காலமும் தண்ணி காவினவனையோ விளக்கேத்த விட்டனாங்கள்?"

யார் யாருடைய கிணற்றில் அள்ளலாம் என்று சாதிக் கணக்குப் பார்த்த மூக்கை, கடல் தாண்டி வரும்போது கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். சூட்கேஸ் தொலைந்தவர்கள்கூட அதைத் தொலைக்கவில்லை. அங்கிள் என்னிடம், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். தாகமாம் என்றேன்.

அதோடு சனிக்கிழமைகள் நின்றன. எங்கள் சங்கம் கூப்பிடவில்லை. அதைப் பார்த்து மற்றச் சங்கங்களும் கூப்பிடவில்லை. அவருக்குப் பதிலாக விளக்கேற்றியவர் பிக்கரிங்கில் வீடு விற்கிற ஒருவர், யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரரின் சங்கத்துக்குத் தலைவர். அங்கிள் சில கிழமைக்கு வேலிக்கு மேலால் கேட்டார், "இந்தச் சனி விளக்கு இல்லையோ?" இல்லை என்றேன். பிறகு கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை பின்னேரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் இருந்ததைக் கண்டேன். பஸ்ஸுக்குக் கை காட்டவில்லை.

இலை உதிர்காலம் முடிகிறபோது ரொறன்ரோவின் இத்தாலியர்கள் தங்கள் அத்திமரங்களைக் குளிருக்குச் சுற்றிக் கட்டுவார்கள். மற்றவர்கள் சாக்கும் பழைய கம்பளியும் சுற்றுவார்கள். அங்கிள் பொன்னாடைகளைச் சுற்றினார். சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லாம் சரிகைக் கரையோடு. கனடாவிலேயே அதிகம் கௌரவிக்கப்பட்ட மரம் அதுதான் என்று என் கணவர் சொல்ல, நானும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு யன்னலால் பார்த்தேன். அவர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு மரத்துக்கு முன்னால் சும்மா நின்றார். சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் சங்கமும் பிக்கரிங்காரரின் சங்கமும் சேர்ந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு உதவி சேர்க்கச் சைக்கிள் பவனி ஒன்றை வைத்தன. மோர்னிங்சைட்டிலிருந்து ஏரிக்கரைப் பாதையால் அஜக்ஸ் பூங்கா வரை. பவனி என்று நோட்டீஸில் போட்டாலும் அது போட்டி என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைவரா, பிக்கரிங் தலைவரா முதலில் அஜக்ஸைத் தொடுவது என்பதுதான் கேள்வி. பிக்கரிங்காரர் பத்து வயது இளையவர், தினமும் ஜிம்முக்குப் போகிறவர். எங்கள் தலைவர் புதுச் சைக்கிளும், உடம்பைப் பிடிக்கிற சட்டையும் வாங்கியிருந்தார். அந்தச் சட்டைக்குள் அவர் நின்ற கோலத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன், அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலியில் நின்று அங்கிளிடம் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உங்கட பக்கத்துக் கப்டன் ஆர்?"

"தலைவர்தான்."

"அப்ப நான் வாறன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அந்தாள் உங்களை அண்டைக்குப் பிறகு ஒருக்கா எட்டிப் பாக்கேல்லை. உங்களைக் கண்டா வீதியில மற்றப் பக்கம் போகுது."

"கப்டன் நல்லவனா இருக்கவேணும் எண்டு ஒப்பந்தத்தில ஒருநாளும் இருந்ததில்லை" என்றார்.

பவனி அன்று காற்றுக் கிழக்கிலிருந்து, ஏரியைத் தடவிக்கொண்டு, நேராக முகத்துக்கு அடித்தது. நானும் ஓடினேன். பஞ்சாபிச் சட்டையும் ஓட்டச் சப்பாத்துமாகக் கடைசிக் கூட்டத்தில் இருந்தேன். அதனால்தான் எல்லாவற்றையும் என் கண்ணால் கண்டேன், ஏனென்றால் ரூஜ் ஆற்றுப் பாலம் தாண்டியதும் எங்கள் தலைவரும் கடைசிக் கூட்டத்துக்கு வந்துவிட்டார். முகம் பீட்ரூட் நிறம். பிக்கரிங்காரரும் அவருடைய நிர்வாக சபையும் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தார்கள். தலைவரின் வாய் அசைந்தது. ஊர்த் தெய்வத்தைக் கூப்பிட்டாரா, சைக்கிளை விற்றவனைத் திட்டினாரா தெரியவில்லை. அந்த நிமிடம் அவர் இறங்கி நடந்திருந்தால், அடுத்த இருபது வருடத்துக்கு ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அந்தக் கேலியைக் கேட்டிருப்பார். அவருக்கும் அது தெரியும்.

பின்னாலிருந்து அங்கிள் வந்தார். பழைய இரும்புச் சைக்கிள், மழித்த கால்கள். தலைவரைத் தாண்டி அவருக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டார். நின்றுகொண்டார் என்றால், அதே வேகத்தில் ஓடிக்கொண்டு.

"என்ர பின்சில்லைப் பாருங்கோ" என்றார் திரும்பாமல். "வேற ஒண்டையும் பாக்க வேண்டாம்."

தலைவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பின்சில்லைப் பார்த்தார். கடைசிக் கூட்டத்து நாங்களும் அவருக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டோம்.

நான் சின்ன வயதில் சைக்கிள் ஓடித்தான் பள்ளிக்கூடம் போனவள். ஆனால் சைக்கிளில் இப்படி ஒரு காரியம் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அங்கிளின் முதுகு சாய்ந்தது. தலைவர் இளைத்தால் அவர் இளகினார், தலைவர் மூச்சுப் பிடித்தால் அவர் இறுக்கினார். எப்படி அறிந்தார் என்று கேட்காதீர்கள், ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிக்கரிங் கரையில் தண்ணீர் வைத்திருந்த மேசையைக் கண்டதும் எங்களை விட்டு முன்னால் பறந்து போய், போத்தல்களை முதுகுச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கூன் விழுந்தவர் மாதிரித் திரும்பி வந்தார். முதல் போத்தல் தலைவருக்கு. பிறகு எங்கள் எல்லோருக்கும், பிக்கரிங் சங்கத்திலிருந்து பின்தங்கிய ஓர் அன்ரிக்கும். தலைவர் போத்தலை வாங்கியபோது அங்கிளின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிக்கரிங்காரர் அஜக்ஸ் எல்லையில் அகப்பட்டார். பாவம், அவருடைய நிர்வாக சபை முழுவதும் வழக்கம்போல அவருக்குப் பின்னால் ஒளிந்து வந்திருந்தது. வந்த காற்றையெல்லாம் தனியாக வாங்கி அவர் களைத்துப்போயிருந்தார். பூங்காவில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய நாடா தெரிந்தது. சனம் கூவியது. அங்கிள் கடைசியாக ஒரு மிதி மிதித்துத் தலைவரைப் பிக்கரிங்காரருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டு வலப்பக்கம் ஒதுங்கி மிதிப்பதை நிறுத்தினார். தலைவர் நாடாவை வயிற்றால் அறுத்தார்.

மேடை போட்டிருந்தார்கள். எங்களுக்கு மேடை இல்லாமல் தண்ணியும் இறங்காது. தலைவர் கோப்பையை வாங்கினார், மைக்கையும் வாங்கினார். இறைவனுக்கு நன்றி சொன்னார். பெற்றோருக்கு, பாடசாலை அன்னைக்கு, மனைவிக்கு, உணவு தந்த கடைக்காரருக்கு, சத்து மாப் பானம் பழக்கிய மைத்துனருக்கு நன்றி சொன்னார். தன் விடாமுயற்சியைப் பற்றி நிறையச் சொன்னார். முடித்துவிட்டார்.

நான் எழும்பிவிட்டேன். அங்கிள் என் கையைப் பிடித்தார்.

"எங்க போறியள்?"

"மைக்கை வாங்கப் போறன். அந்தாள் உங்கட பேரை விட்டிட்டுது."

"என்ர கப்டனும் சொன்னதில்லை" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். "உவர் நல்லா வருவார்."

அப்போதுதான் அந்த அன்ரி வந்தார், பிக்கரிங் சங்கத்து அன்ரி, போத்தல் வாங்கியவர். எங்கள் கடைசிக் கூட்டத்துச் சனமும் வந்தது. காற்றை எப்படி மறைக்கிறது என்று காட்டச் சொன்னார்கள். ஒருவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் போத்தல் கேட்டார்கள். அங்கிள் அந்தரத்தில் கையால் சைக்கிள் பிடித்து, எங்கள் மொழி ஒன்றும் தெரியாமல், ஐம்பது பேருக்கு வகுப்பு எடுத்தார். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இந்த முறை ஒருவரும் ஒன்றும் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

மேடையில் தலைவர் கோப்பையோடு தனியாக நின்றார். "எல்லாரும் மேடைக்கு வாங்கோ, படம் எடுக்கவேணும்" என்று மைக்கில் கூப்பிட்டார். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்து கூட்டத்துக்குள் நுழைந்தார். படமெடுப்பவர் கமராவைத் தூக்கினார். கைதட்டுக்காகவே உயிர் வைத்திருந்த அந்த மனிதர், நடுவில் நின்றவர், கப்டன் வருவதைக் கண்டதும் அவருக்கு இடம் விட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கினார். ஒதுங்கி ஒதுங்கிச் சட்டத்துக்கு வெளியிலேயே போய்விட்டார். நான் இழுத்தேன், வரவில்லை.

அந்தப் படம் சங்கத்தின் ஆண்டு மலரில் முழுப் பக்கத்தில் வந்தது. அங்கிள் அதில் இல்லை, பெயரும் இல்லை. நடுவில் கோப்பையோடு தலைவர் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். மற்ற எல்லோரும், அன்ரியும் பிள்ளைகளும் நானும், அவர் மனைவியும்கூட, வலது பக்கம் திரும்பி வேறு யாரையோ பார்த்துக் கை தட்டிக்கொண்டு நிற்கிறோம்.